முன்னெச்சரிக்கை யார் பொறுப்பு?

மழை பிடித்துக்கொண்டால் பள்ளிகளுக்கு விடுமுறை, அது முன்னெச்சரிக்கை. செம்பரம்பாக்கம் ஏரி விளிம்பைத் தொடுவதற்குள் மதகைத் திறந்துவிட்டால் அதுவும் முன்னெச்சரிக்கை. முக்கியப் பிரமுகர் வரும் நாளில் கறுப்புக்கொடி காட்டிவிடுவார்களோ என்று சிலரைப் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்தால், மறுநாள் நாளிதழில் அதற்கும் அதே பெயர்தான். கொரோனாவுக்கு மூன்றாவதாகப் போட்ட தடுப்பூசியை மற்ற நாடுகள் பூஸ்டர் என்று அழைத்தபோது, 2022 ஜனவரி 10-இல் அதைப் போடத் தொடங்கிய இந்திய அரசு 'பிரிகாஷன் டோஸ்' என்று பெயர் வைத்தது. மழை, ஏரி, போலீஸ், ஊசி எல்லாவற்றையும் ஒரே சொல் தாங்குகிறது.

வாலாஜாபாத்தில் வீடு, ஒரகடத்தில் வேலை என்று இருப்பவர்களுக்கு இந்தச் சொல் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பழக்கம். ஷிப்ட் பேருந்தை விட்டு இறங்கி ஆலைக்குள் போனால் சேஃப்டி ஷூ, ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பான் என்று வரிசையாகப் படம் போட்ட பலகை நிற்கும். வேலை தொடங்குமுன் சூப்பர்வைசர் நடத்தும் ஐந்து நிமிடப் பேச்சில் பிரிகாஷன் வரும். ரசாயன டின்னின் லேபிளில் வரும். மருந்துச் சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் வரும். 'முன்னதாக' என்று பொருள்படும் இலத்தீன் முன்னொட்டும், 'கவனமாக இரு' என்னும் வினையும் சேர்ந்து உருவான சொல் இது. தமிழ் அகராதிகள் முன்னெச்சரிக்கை, முற்காப்பு என்று தருகின்றன. வீட்டுப் பேச்சில் இதன் முழுப் பொருளும் வேறொரு இடத்தில் இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கும்போதே, "எதுக்கும் இருக்கட்டும், குடையை எடுத்துட்டுப் போ" என்று அம்மா சொல்கிறாரே, அந்த 'எதுக்கும் இருக்கட்டும்'தான் பிரிகாஷன்.

மழை வரும் என்று உறுதியாகத் தெரிந்து குடை எடுப்பது வேறு. பாதுகாப்புத் துறையில் வேலை செய்பவர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பார்கள். சுற்றும் பெல்ட்டில் கை சிக்கினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மூடி போடுவது தடுப்பு. பெயின்ட் ஷாப்புக்குப் புதிதாக வந்த கரைப்பானை இருபது வருடம் சுவாசித்தால் நுரையீரல் என்னாகும் என்பது யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதற்காகவே காற்றோட்டத்தைக் கூட்டி, முகமூடி தந்து, ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை வைப்பது முன்னெச்சரிக்கை. தெரிந்த ஆபத்துக்குத் தடுப்பு, தெரியாத ஆபத்துக்கு முன்னெச்சரிக்கை என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். அன்றாடப் பேச்சில் இந்த எல்லை அழிந்துபோவதில் தவறில்லை. சட்டத்தில் அழிந்தால் நிலமும் ஆறும் போய்விடும். அதை இந்திய நீதிமன்றங்களுக்குக் கற்றுக்கொடுத்தது வாலாஜாபாத்தைத் தொட்டு ஓடும் பாலாறுதான். அதற்கு முன் ஆலைக்குள்ளேயே கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

உலோகத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தும் பவர் பிரஸ் ஒரகடம் தொழில் பட்டையின் உயிர்நாடி. கார் கதவும் கூரையும் பைக்கின் டேங்கும் அதில்தான் வடிவம் பெறுகின்றன. விரலை வாங்கும் இயந்திரமும் அதுதான். 'கவனமாக வேலை செய்' என்று அதன்மேல் ஒரு பலகை மாட்டலாம். எட்டு மணி நேர ஷிப்டில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்பவனுக்கு ஏதாவது ஒரு விநாடி கவனம் தப்பத்தான் செய்யும். பலகையால் அதைத் தடுக்க முடியாது. இன்னொரு வழி, ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு பொத்தான்களை வைத்து, இரண்டையும் இரு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும்படி செய்வது. இரு கையும் பொத்தானில் இருக்கும்போது எந்த விரலும் அச்சுக்குள் இருக்க முடியாது. முன்புறம் ஒளிக்கதிர்த் திரை அமைத்து, கை குறுக்கே போனால் இயந்திரம் நின்றுவிடும்படி செய்வதும் உண்டு. ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ 1960-களில் டொயோட்டா ஆலைகளில் வளர்த்தெடுத்த 'போக்கா யோக்கே' முறையின் அடிப்படையும் இதுதான்: மனிதன் தவறு செய்வான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, அந்தத் தவறு சேதமாக மாறாதபடி வேலையை வடிவமைப்பது. ஒரகடத்தில் டிப்ளமோ முடித்து வந்த பையனுக்கும் இந்தச் சொல் தெரியும்.

பாதுகாப்புப் பயிற்சியில் சொல்லித்தரும் வரிசை ஒன்று உண்டு. முதலில் ஆபத்தையே அகற்று. முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த ஒன்றை அதன் இடத்தில் வை. அதுவும் முடியாவிட்டால் இயந்திரத்தில் தடை போடு. பிறகு வேலை விதிகளை மாற்று. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கையுறையும் ஹெல்மெட்டும். நடைமுறையிலோ பல சிறு உதிரிபாகப் பட்டறைகளில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. கையுறை மலிவு, பலகை அதைவிட மலிவு. பெரிய கார் ஆலைக்குள் ஒளித்திரை இருக்கும். அதற்குச் சின்ன பிராக்கெட் செய்துகொடுக்கும் இரண்டாம் மூன்றாம் அடுக்குப் பட்டறையில், உற்பத்தி வேகம் குறைகிறது என்று இரண்டு பொத்தான்களில் ஒன்றைக் கட்டிவைத்துவிடுவார்கள். ஹரியானாவின் மானேசர், குருகிராம் பகுதியில் காயம்பட்ட தொழிலாளர்களோடு வேலை செய்யும் 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு 2019 முதல் வெளியிட்டுவரும் 'கிரஷ்டு' அறிக்கைகள், வாகன உதிரிபாகத் தொழிலில் விரல் இழப்பு எப்படி அன்றாடமாகிவிட்டது என்று காட்டின. விரல் போன பிறகு, "அவன் கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்பதே முதலில் காதில் விழும் பேச்சு.

கவனமாக இருக்கவேண்டியது யார்? இந்தக் கட்டுரையின் கேள்வி அதுதான்.

வருமுன் காப்பதைப் பற்றிய 435-ஆம் குறளைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். மேடையில் அதைப் பொதுமக்களுக்கான புத்திமதியாக எடுத்துவிடுவது வழக்கம். ஆனால் அந்தக் குறள் இருப்பது பொருட்பாலின் அரசியல் பகுதியில், குற்றங்கடிதல் அதிகாரத்தில். ஆள்பவனைப் பார்த்துச் சொன்னது அது. வள்ளுவர் கூலிக்காரனைக் கூப்பிட்டு அறிவுரை சொல்லவில்லை.

வாலாஜாபாத்துக்கு அருகிலேயே இதற்கு ஒரு கல்வெட்டுச் சான்றும் இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் உள்ள வேங்கடேசப் பெருமாள் கோவிலில், 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. கோவிலோடு சேர்ந்து இயங்கிய கல்விச்சாலையையும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையையும், அதாவது மருத்துவமனையையும் பற்றி அது விவரிக்கிறது. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்து தேடிக் கொண்டுவருபவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் உரிய நெல்லும் காசும் கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஓராண்டுக்கு இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலும், இரவு முழுதும் எரியவேண்டிய விளக்குக்கான எண்ணெயும்கூட அதில் அடக்கம். நோயாளி வந்தபிறகு மூலிகை தேடி ஓடக்கூடாது என்று நினைத்தவர்கள், அதற்கான செலவையும் முன்கூட்டியே ஒதுக்கிவிட்டார்கள். நல்ல நிர்வாகம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான கல் கிடைக்காது.

இனி பாலாறு.

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தொடங்கி, ஆந்திரத்தைத் தொட்டு, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலில் சேரும் ஆறு இது. மொத்த நீளம் 348 கிலோமீட்டர். ஆண்டில் பெரும்பகுதி மணல்தான் தெரியும். தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடும். கரையில் இருப்பவர்களுக்கு ஆறு என்றால் ஊற்றும் கிணறும்தான். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இரண்டு ஊர்கள் இந்த ஒரே ஆற்றங்கரையில் இருக்கின்றன: மேலே ராணிப்பேட்டையை ஒட்டி வாலாஜாபேட்டை, கீழே வாலாஜாபாத். பேருந்தில் ஊர் மாறி இறங்கியவர்கள் கதை இரண்டு ஊரிலும் உண்டு. மேலே உள்ள வாலாஜாவைச் சுற்றியிருக்கிறது தோல் தொழில் பட்டை. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று அது நீள்கிறது.

தோல் பதனிடுவது இங்கே பழைய தொழில். ஆவாரம்பட்டையில் ஊறப்போட்டுப் பதப்படுத்திய காலத்திலும் நாற்றம் இருந்தது, கழிவும் இருந்தது. 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலாகவும் காலணியாகவும் அனுப்பு என்று ஊக்குவித்தது. அந்நியச் செலாவணி பெருகியது; அந்த வகையில் கொள்கை வென்றது. ஆனால் அதோடு குரோமியம் வந்தது, நிறமேற்றிகள் வந்தன, தண்ணீர்ச் செலவு ஏறியது. புதிய முறையில் இத்தனை ஆலைகள் ஒரே வறண்ட ஆற்றின் கரையில் குவிந்தால் கழிவு எங்கே போகும் என்ற கணக்கு கொள்கையோடு சேர்ந்து வரவில்லை. கழிவு வயலுக்கும் ஓடைக்கும் போய், கடைசியில் ஆற்று மணலுக்குள் இறங்கியது. இதில் குரோமியத்தைவிட விவசாயியை அதிகம் அழித்தது சாதாரண உப்பு. பச்சைத் தோல் கெடாமலிருக்க அள்ளிக் கொட்டும் உப்பு கழிவுநீரோடு கலந்து கிணற்றுக்குப் போனபோது, முதலில் தென்னை பட்டது, பிறகு நெல், பிறகு குடிநீர்.

வேலூர் குடிமக்கள் நலப் பேரவை 1991-இல் உச்சநீதிமன்றத்தில் பொதுநல மனுத் தாக்கல் செய்தது. மனுவின் எண் 914. வாதாடியவர் எம்.சி. மேத்தா. தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் 900-க்கும் மேற்பட்ட தோல் ஆலைகள் இயங்கியதை நீதிமன்றம் குறித்துக்கொண்டது. அந்த ஐந்தில் ஒன்று அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், வாலாஜாபாத் அப்போது அதில்தான் இருந்தது. குரோம் முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன, ஒரு கிலோ தோலை முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, தோல் பட்டையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்ற மதிப்பீடுகள் தீர்ப்பில் இடம்பெற்றன.

1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதிகள் குல்தீப் சிங், பைசான் உதீன், கே. வெங்கடசாமி அமர்வு தீர்ப்பளித்தது. நாட்டின் முடித்த தோல் ஏற்றுமதித் திறனில் சுமார் 80 சதவீதம் தமிழ்நாட்டில் இருப்பதை நீதிபதிகள் மறுக்கவில்லை. வேலையும் வருமானமும் தரும் தொழில் என்பதையும் ஒப்புக்கொண்டார்கள். அதற்காகச் சூழலை அழிக்கும் உரிமை எந்தத் தொழிலுக்கும் இல்லை என்றார்கள். ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு நிர்ணயிக்கத் தனி அதிகார அமைப்பு, சென்னை உயர்நீதிமன்றத்தில் பசுமை அமர்வு என்று உத்தரவுகள் வரிசையாக வந்தன.

இந்த உத்தரவுகளைவிட நீண்டகாலம் நிலைத்தது அந்தத் தீர்ப்பு முன்வைத்த ஒரு கோட்பாடு. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்சநீதிமன்றம் அதில்தான் அறிவித்தது. ஜெர்மனி 1970-களில் தன் சுற்றுச்சூழல் கொள்கையில் வளர்த்த கருத்து அது. 1992 ஜூனில் ரியோ டி ஜெனிரோ மாநாட்டுப் பிரகடனத்தின் 15-ஆம் கோட்பாடாக உலகம் அதை ஏற்றது. பாலாற்றுத் தீர்ப்பு அதற்கு மூன்று கால்கள் கொடுத்தது. அரசும் அதன் அமைப்புகளும் கேடு வருவதை முன்கூட்டியே கணித்து, அதன் காரணத்தையே தடுக்க வேண்டும். திருத்த முடியாத பெருங்கேடு வரக்கூடும் என்ற நிலையில், அறிவியல் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை என்று காரணம் காட்டித் தடுப்பைத் தள்ளிப்போடக் கூடாது. மூன்றாவது, தன் செயலால் கேடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது.

இந்த மூன்றாவது காலை வாணியம்பாடி விவசாயியின் இடத்திலிருந்து பார்த்தால்தான் அதன் கனம் புரியும். அதுவரை அவர் என்ன செய்ய வேண்டியிருந்தது? கிணற்றுத் தண்ணீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். அதில் உள்ள உப்பு எந்த ஆலையிலிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். தென்னை பட்டுப்போனதற்கு அந்த உப்புதான் காரணம், பூச்சியோ வறட்சியோ காரணமில்லை என்று நிரூபிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான ஆலைகள் கழிவு விடும் ஆற்றில் எந்தத் துளி யாருடையது என்று எந்த விவசாயியால் சொல்ல முடியும்? நிரூபிக்கும் சுமையை மறுபக்கம் மாற்றியதும், ஆய்வகமும் பொறியாளரும் வழக்கறிஞரும் யாரிடம் இருக்கிறார்களோ அவர் பேச வேண்டியதாயிற்று. 2010-இல் வந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, தீர்ப்பாயம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டைப் பின்பற்ற வேண்டும் என்றே எழுதிவைத்திருக்கிறது. இன்று சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வில் ஏரிக்கும் கழிமுகத்துக்கும் வாதாடுகிறவர்கள் அடியெடுத்து வைப்பது இந்தத் தீர்ப்பின்மேல்தான்.

எதிர்ப்பக்கத்து வாதத்திலும் நியாயம் இல்லாமலில்லை. 'எதற்கும் இருக்கட்டும்' என்பதை எல்லையில்லாமல் நீட்டினால் எந்தப் புதிய பொருளும் சந்தைக்கு வராது, எந்தப் பாலமும் எழும்பாது. மரபணு மாற்றிய பிடி கத்தரிக்காய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு 2009 அக்டோபரில் பச்சைக்கொடி காட்டியது. ஊர் ஊராகக் கருத்துக் கேட்ட அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், 2010 பிப்ரவரி 9-இல் அதை நிறுத்திவைத்தார். பொதுமக்களின் நம்பிக்கை கிடைக்கும்வரை எச்சரிக்கையாகப் போவதே தன் கடமை என்பது அவர் நிலை. பக்கத்தில் வங்கதேசம் 2013-இல் அனுமதி தந்து, மறுஆண்டே பயிரிடத் தொடங்கிவிட்டது. யார் செய்தது சரி என்று இரு தரப்பு விஞ்ஞானிகளும் இன்னும் சண்டை போடுகிறார்கள். உச்சநீதிமன்றமும் 2000-ஆம் ஆண்டின் நர்மதை அணைத் தீர்ப்பில் இந்தக் கோட்பாட்டுக்கு ஒரு வரம்பு கட்டியது: விளைவு தெரியாத மாசு விஷயத்தில் நிரூபிக்கும் சுமை தொழில் நடத்துபவருடையது, விளைவு தெரிந்த அணைக்கு அதே அளவுகோல் பொருந்தாது என்றது. வாதம் நடக்கட்டும். கத்தரிக்காயைச் சில ஆண்டுகள் கழித்துக்கூடப் பயிரிட்டுக்கொள்ளலாம். உப்பேறிய கிணற்றைப் பழையபடி ஆக்க முடியாது. எந்தத் தவறைத் திருத்த முடியும், எதைத் திருத்த முடியாது என்று பார்த்து முடிவெடுப்பதில் குழப்பம் ஒன்றும் இல்லை.

பாலாற்றில் திருத்தப் புறப்பட்டவர்களும் முன்னெச்சரிக்கையை மறந்த கதை ஒன்று உண்டு. வழக்கின் அழுத்தத்தால் தோல் ஆலைகள் கூட்டாகச் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தின. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படி ஒரு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஆலைக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் ரசாயனச் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காப்பாற்ற அமைத்த நிலையம் அது. அதன் சுவர் எவ்வளவு பாரம் தாங்கும், சுவருக்கு மறுபுறம் யார் படுத்திருக்கிறார்கள் என்பதை யார் பார்த்திருக்க வேண்டும்? தூங்கியவர்களிடம் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது.

1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபாலில் நடந்ததும் இதே வகைதான், அளவு மட்டும் பல நூறு மடங்கு. யூனியன் கார்பைடு ஆலையில் நச்சு வாயுத் தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்கும் கோபுரம் வேலை செய்யவில்லை. கழுவி அடக்கும் ஸ்க்ரப்பரும் உதவவில்லை. முன்னெச்சரிக்கைக் கருவிகள் எல்லாம் ஆலையின் வரைபடத்தில் இருந்தன. அதற்குப் பிறகுதான் 1948-இன் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-இல் ஒரு தனி அத்தியாயம் நுழைந்தது. அபாயகரமான தொழில் நடத்துபவர், அதன் ஆபத்துகளைத் தொழிலாளிக்கும் உள்ளாட்சிக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்றது அது. உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி, அதை நிர்வாகத்தின் கவனத்துக்கும் ஆய்வாளரின் கவனத்துக்கும் கொண்டுபோகலாம் என்று உரிமையும் தந்தது. அதுவரை முன்னெச்சரிக்கை என்பது தொழிலாளியின் கடமையாக மட்டும் பேசப்பட்டது. அப்போதுதான் அது அவருடைய உரிமையும் ஆனது.

அந்த உரிமையை ஒரகடத்துக்காரர்கள் கையில் எடுத்த நாட்களை இந்தப் பட்டை இன்னும் மறக்கவில்லை. 2021 மே, கொரோனா இரண்டாம் அலையின் உச்சம். மாநிலம் முழுதும் ஊரடங்கு. கார் ஆலைகளுக்கு மட்டும் இயங்க அனுமதி. அசெம்பிளி லைனில் காருக்குக் கார் நெருக்கமாக நகரும்போது ஆளுக்கு ஆள் இடைவெளி விட முடியவில்லை என்று ரெனோ நிசான் ஆலையின் தொழிற்சங்கம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. வழிகாட்டு நெறிகளை முறையாகப் பின்பற்றுகிறோம் என்றது நிறுவனம். வேலைநிறுத்தம் என்று தொழிலாளர்கள் அறிவித்தபின் மே 26 முதல் 30 வரை ஆலை நின்றது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே ஹூண்டாய் ஆலையும், தொழிலாளர் போராட்டத்தை அடுத்து, 25 முதல் 29 வரை உற்பத்தியை நிறுத்தியது. இங்கே கிருமி எப்படிப் பரவுகிறது என்பது யாருக்கும் முழுதாகத் தெரியாத காலம் அது. நிச்சயம் தெரிந்தபிறகு நிறுத்தலாம் என்று காத்திருப்பதா, தெரியாததால் நிறுத்துவதா? பாலாற்றுத் தீர்ப்பின் இரண்டாவது கால் கேட்ட அதே கேள்வி, இந்த முறை லைனில் நின்றவர்கள் வாயிலிருந்து வந்தது.

அரசு இயந்திரத்தின் முன்னெச்சரிக்கைக்கும் இந்த வட்டாரத்தில் பாடம் உண்டு. 2015 டிசம்பர் 1-2-இல் 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி வரை அடையாற்றில் பாய்ந்தது. ஏரி நிர்வாகத்தில் நடந்த தவறுகளை 2018-இல் சட்டமன்றத்தில் வைத்த இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை கடுமையாகவே சுட்டிக்காட்டியது. அதன்பின் 24 அடி ஏரி நிறையும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பது வழக்கமாகியிருக்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது வாலாஜாபாத்தையும் அவளூரையும் இணைக்கும் தரைப்பாலம் சேதமடைந்து, அக்கரை கிராமங்கள் சுற்றிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. 'ஆற்றில் இறங்காதீர்' என்று பலகை வைப்பது முன்னெச்சரிக்கையின் முதல் படி. வெள்ளத்துக்கு மேலே நிற்கும் பாலம் கட்டுவதே முழுமையான முன்னெச்சரிக்கை.

மேல்பாலாற்று விவசாயிகளின் கணக்கு அத்தனை சுலபமாகத் தீரவில்லை. 1996 தீர்ப்பின்படி அமைத்த அதிகார அமைப்பு 2001-இல் 29,193 பேருக்கு 26 கோடி ரூபாய்க்கும் மேல் இழப்பீடு நிர்ணயித்தது. தங்கள் பெயர் விட்டுப்போனது என்றவர்கள் உண்டு, தொகை போதாது என்றவர்கள் உண்டு, எங்களுக்கு இதில் பங்கில்லை என்ற ஆலை அதிபர்களும் உண்டு; வழக்குகள் வளர்ந்தன. இதற்கிடையில் ராணிப்பேட்டையில் 1995-இல் மூடிய குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு திறந்தவெளியில் மலையாகக் கிடந்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை நாட்டுக்குத் தந்த ஆற்றுக்கு அந்தக் கோட்பாட்டால் கிடைத்த பலன் சொற்பம். கேடு நடந்து முடிந்தபிறகுதான் சட்டம் அங்கே போய்ச் சேர்ந்தது. அந்தச் சட்டத்தின் பலனை அனுபவிக்க வேண்டியவை, இனிமேல் ஆலை வரப்போகும் ஊர்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏரியும் குளமும் நிறைந்த பரந்தூர் வட்டாரத்தில் விமான நிலையம் வருவதை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் கிராமசபையில் தீர்மானம் போடும்போது, வெள்ளநீர் எங்கே போகும் என்று நிரூபிக்கவேண்டியவர் யார் என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

2025 ஜனவரி 30-இல் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு பாலாற்று வழக்கில் மறுபடி தீர்ப்புச் சொன்னது. இழப்பீடு கிடைக்காத குடும்பங்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், அந்தப் பணத்தை மாசுபடுத்தியவர்களிடமிருந்து அரசு வசூலித்துக்கொள்ள வேண்டும், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து ஆற்றின் நிலையைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. மனுப் போட்ட 1991-இலிருந்து கணக்குப் பார்த்தால் அப்போது 34-ஆவது ஆண்டு. உத்தரவு நிறைவேறுகிறதா என்று பார்க்க வழக்கை மூடாமல் தன் கையிலேயே வைத்திருக்கிறது நீதிமன்றம்.